எரிந்து அணையும் என்ஜின் லைட்
வாசகர் கேள்வி – பதில்

பழைய கார் வைத்திருக்கும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. டேஷ்போர்டில் என்ஜின் படம் போட்டு எரியும் அந்த மஞ்சள் விளக்குதான் எல்லாக் கடிதங்களிலும் பிரச்சினை.

கேள்வி: 2012 மாடல், 1.2 லிட்டர் பெட்ரோல் கார். 94,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. இரண்டு மாதமாக என்ஜின் லைட் எரிவதும், மூன்று நான்கு நாளில் தானாக அணைவதுமாக இருக்கிறது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஐடிலிங் கொஞ்சம் நடுங்கும்; மற்றபடி ஒரு குறையும் இல்லை. ஒர்க்‌ஷாப்புக்குப் போகும் நாளில் லைட் எரிவதில்லை. பேட்டரியைக் கழற்றி மாட்டச் சொன்னார்கள், செய்தேன். பத்து நாளில் திரும்ப வந்துவிட்டது. இப்போது ஆக்சிஜன் சென்சாரை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: இப்போதைக்கு வேண்டாம். பேட்டரியையும் இனிமேல் கழற்றாதீர்கள். பேட்டரியைக் கழற்றினால் லைட் அணைவது பழுது நீங்கியதால் அல்ல. என்ஜின் கம்ப்யூட்டரான இசிஎம் எழுதி வைத்திருந்த குறிப்பு அழிந்துபோவதால்தான். வந்து வந்து போகும் பழுதைப் பிடிக்க உங்கள் கையில் இருக்கும் தடயமே அந்தக் குறிப்புதான்.

லைட் என்ன கணக்கில் எரிகிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். புகை சம்பந்தப்பட்ட பெரும்பாலான பழுதுகளை இசிஎம் முதல் தடவை பார்த்ததும் ‘பெண்டிங்’ (நிலுவை) கோடாக, அதாவது பழுதைக் குறிக்கும் எண்ணாக, மட்டும் குறித்துக்கொள்ளும். அடுத்த ஓட்டத்திலும் அதே பழுது தென்பட்டால்தான் லைட்டைப் போடும். சில வண்டிகளில் மூன்றாவது ஓட்டம் வரை பொறுக்கும். பிறகு தொடர்ந்து 3 ஓட்டங்களில் பழுது தென்படாவிட்டால் அணைத்துவிடும். உங்கள் வண்டியில் மூன்று நான்கு நாளில் அணைவது இதனால்தான். ஆனால் லைட் அணைந்ததும் கோடு அழிந்துவிடாது. என்ஜின் ஆறி, மறுபடி முழுச் சூட்டுக்கு வருவது 40 தடவை நடந்து, அத்தனை தடவையும் பழுது வராமல் இருந்தால்தான் அழியும். தினமும் இரண்டு முறை வண்டி எடுப்பவருக்கு இது சுமார் மூன்று வாரம். ஆகவே, லைட் எரியும் நாளாகப் பார்த்து ஒர்க்‌ஷாப்புக்கு ஓட வேண்டியதில்லை. அணைந்த மறுநாள் போனாலும் ஸ்கேனரில் கோடு கிடைக்கும்.

ஸ்கேனரை நீங்களே வைத்துக்கொள்வது நல்லது. இஎல்எம்327 வகை புளூடூத் அடாப்டர் ஆயிரம் ரூபாய் அளவில் கிடைக்கிறது. ஆண்ட்ராய்டு போனில் டார்க், கார் ஸ்கேனர் போன்ற செயலிகளில் ஒன்று போதும். ஐபோன் என்றால் அதற்கு ஒத்துவரும் அடாப்டரா என்று கேட்டு வாங்குங்கள். ஸ்டியரிங்குக்குக் கீழே, முழங்கால் பக்கம் 16 பின் சாக்கெட் இருக்கும். அதில் செருகிச் சாவியை ஆனில் வையுங்கள். நம் நாட்டில் பிஎஸ்4 (பாரத் ஸ்டேஜ் 4 புகை விதி) கார்களுக்கு 2010 ஏப்ரலில் முதல் கட்ட ஓபிடியும் (வண்டி தன் பழுதைத் தானே கண்டு குறித்துவைக்கும் ஏற்பாடு) 2013 ஏப்ரலில் இரண்டாம் கட்ட ஓபிடியும் கட்டாயமாயின. அதற்கும் முந்தைய சில வண்டிகள் கம்பெனி ஸ்கேனரோடு மட்டும்தான் பேசும். வேலை முடிந்ததும் அடாப்டரைப் பிடுங்கிவிடுங்கள். செருகியே விட்டால், வண்டி நிற்கும் நாட்களில் பேட்டரியைக் குடிக்கும்.

கோடு எண்ணை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். ‘ஃப்ரீஸ் ஃப்ரேம்’ என்று ஒரு பக்கம் இருக்கும். கோடு விழுந்த அந்த நொடியில் கூலன்ட் சூடு எவ்வளவு, ஆர்பிஎம் எவ்வளவு, வேகம் எவ்வளவு, என்ஜின் மேல் லோடு எவ்வளவு என்பதெல்லாம் அதில் பதிவாகியிருக்கும். அதைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கூலன்ட் 58 டிகிரி, ஆர்பிஎம் 760, வேகம் 0 என்று இருந்தால், காலை நடுக்கமும் லைட்டும் ஒரே காரணத்தால் வருகின்றன என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம். கூலன்ட் 90, வேகம் 80 என்று இருந்தால் இரண்டுக்கும் சம்பந்தமில்லாமல் இருக்கலாம். தேடும் இடமே மாறிவிடும். கோடை அழித்தால் இந்தப் பக்கமும் சேர்ந்து அழியும். அதனால்தான் பேட்டரியில் கை வைக்க வேண்டாம் என்கிறோம்.

ஆக்சிஜன் சென்சாரை மாற்றச் சொன்னதை வைத்துப் பார்த்தால், அநேகமாக பி0171 கோடு வந்திருக்க வேண்டும். பெட்ரோல் குறைவு, காற்று அதிகம் என்பது அதன் பொருள். புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை அளந்து அந்தச் சேதியைச் சொன்னது ஆக்சிஜன் சென்சார் என்பதாலேயே குற்றவாளி அதுதான் என்று ஆகாது. பி0135 போலச் சென்சாரின் ஹீட்டரையே குறிப்பிடும் கோடு என்றால் கதை வேறு. அப்போது கப்ளரைக் கழற்றி, ஹீட்டரின் இரண்டு பின்களுக்கு நடுவே மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். சில ஓம் காட்டினால் ஹீட்டர் அறுபடவில்லை. ஃபியூஸையும் ஒயரையும் பார்க்க வேண்டும். எதுவுமே காட்டாமல் திறந்து நின்றால் சென்சாரைத் தாராளமாக மாற்றலாம்.

பி0171 என்றால் ஃப்யூல் ட்ரிம் பாருங்கள். இசிஎம் தன் கணக்குக்கு மேல் எத்தனை சதவீதம் பெட்ரோலைக் கூட்டியோ குறைத்தோ கொடுக்கிறது என்பதுதான் ட்ரிம். ஷார்ட் ட்ரிம் (அந்த நொடித் திருத்தம்), லாங் ட்ரிம் (நாள்பட்ட திருத்தம்) இரண்டையும் கூட்டினால் வருவது ப்ளஸ் 10க்கும் மைனஸ் 10க்கும் நடுவே இருந்தால் கவலையில்லை. ப்ளஸ் 20, 25 என்று ஏறினால்தான் கோடு விழும். ஐடிலிங்கில் ஒரு முறையும், நிறுத்திய வண்டியில் 2,500 ஆர்பிஎம்மில் ஒரு நிமிடம் பிடித்தபடி ஒரு முறையும் பார்த்து எழுதுங்கள். ஐடிலில் ப்ளஸ் 22, 2,500ல் ப்ளஸ் 5 என்றால் எங்கோ கணக்கில் வராத காற்று நுழைகிறது. ஆர்பிஎம் ஏறும்போது அந்தச் சிறு ஓட்டையின் பங்கு குறைந்துவிடுவதால் எண் இறங்குகிறது. மாறாக ஐடிலில் சரியாக இருந்து, ரோட்டில் இழுக்கும்போது ஏறினால் பெட்ரோல் போதவில்லை: பம்ப், ஃபில்டர், அடைத்த இன்ஜெக்டர்.

இங்கே ஒரு விஷயம் கவனிக்க வேண்டும், இணையத்தில் படிப்பவர்கள் வழுக்கும் இடம் இது. மேலே சொன்ன ஓட்டைக் கணக்கு, உள்ளே போகும் காற்றை நேராக அளக்கும் எம்ஏஎஃப் சென்சார் வைத்த வண்டிகளுக்கு அப்படியே பொருந்தும். நம் ஊர்ச் சிறிய கார்கள் பலவற்றில் இருப்பது எம்ஏபி சென்சார். அது சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் இன்டேக் மேனிஃபோல்டில் உள்ள அழுத்தத்தை அளக்கிறது. ஓட்டை வழியாக வரும் காற்றும் அந்த அழுத்தத்தில் சேர்ந்துவிடுவதால் இசிஎம் அதற்கும் பெட்ரோல் கொடுத்துவிடும். ட்ரிம் அவ்வளவாக ஏறாது, ஐடில் ஆர்பிஎம்தான் ஏறும். எனவே எம்ஏபி வண்டியில் பி0171 வந்தால் காற்று ஓட்டையைவிட இரண்டு இடங்களை முதலில் பாருங்கள். ஒன்று பெட்ரோல் பிரஷர். இந்த ரக கார்களில் பெரும்பாலும் 3 முதல் 3.5 பார் இருக்கும். உங்கள் மாடலுக்கான சரியான அளவை சர்வீஸ் மேனுவலில் பார்த்து ஒப்பிடச் சொல்லுங்கள். இன்னொன்று எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு (புகை வெளியேறும் குழாய்) என்ஜின் ஹெட்டோடு சேரும் இடத்தில் உள்ள பேக்கிங்.

உங்கள் அறிகுறிக்கு இந்த பேக்கிங் நன்றாகப் பொருந்துகிறது. என்ஜின் ஆறியிருக்கும்போது மேனிஃபோல்டுக்கும் ஹெட்டுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி இருக்கும். ஒவ்வொரு புகை வீச்சுக்கும் இடையில் அந்த வழியாக வெளிக்காற்று உள்ளே இழுபடும். ஆக்சிஜன் சென்சார் அந்தக் காற்றைப் பார்த்து ‘பெட்ரோல் போதவில்லை’ என்று சொல்லும். சூடேறியதும் இரும்பு விரிந்து இடைவெளி மூடிக்கொள்ளும், பழுது மறைந்துவிடும். சோதிக்கச் செலவே இல்லை. இரவு முழுக்க நின்ற வண்டியை பானெட்டைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். மேனிஃபோல்டு பக்கமிருந்து ‘டிக் டிக்’ என்று வேகமான சத்தம் வந்து, ஐந்து நிமிடத்தில் தேய்ந்து மறைகிறதா என்று கேளுங்கள். பேக்கிங் ஓரத்தில் கரும்புகைக் கறை படிந்திருந்தால் அதுவே சான்று.

காற்று ஓட்டையைத் தேட கார்புரேட்டர் கிளீனர் அடித்துப் பார்ப்பது ஒர்க்‌ஷாப் வழக்கம். சூடான சைலன்சர் பக்கம் பட்டால் தீப்பிடிக்கும். வீட்டில் செய்ய வேண்டாம். செடிக்குத் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரே பாட்டில் போதும். ஆறிய என்ஜின் ஐடிலில் ஓடும்போது இன்டேக் மேனிஃபோல்டு இணைப்பு, பிரேக் பூஸ்டருக்குப் போகும் ஹோஸ், பிசிவி ஹோஸ் (என்ஜினுக்குள் சேரும் ஆவியை இன்டேக்குக்குக் கொண்டுபோவது) என்று ஒவ்வொன்றாகத் தெளியுங்கள். ஒயர் கப்ளர்கள் மேல் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஓட்டை இருக்கும் இடத்தில் தண்ணீர் ஒரு கணம் அடைத்துக்கொண்டு என்ஜின் சத்தம் மாறும். இத்தனை வருஷப் பழைய ரப்பர் ஹோஸ் விறைத்துப் போயிருக்கும். இரண்டு விரலால் மடக்கினால் வெடிப்பு தெரியும்.

பழுதைச் சரிசெய்த பிறகு மட்டும் கோடை ஸ்கேனரால் அழித்து, கிலோமீட்டரைக் குறித்து வையுங்கள். லைட்டுக்காகக் காத்திருக்காமல், ஒரு வாரம் தினமும் காலை ஓட்டத்துக்குப் பின் பெண்டிங் பக்கத்தைப் பாருங்கள். திரும்ப வரும் பழுது முதலில் அங்கேதான் தலைகாட்டும்.

கேள்வி: மழை நாளில் மட்டும் லைட் விட்டுவிட்டு மின்னுகிறது, வண்டி உதறுகிறது. வெயில் வந்தால் சரியாகிவிடுகிறது. ஓட்டலாமா?
– வாசகர், சென்னை

பதில்: நிலையாக எரிவதும் மின்னுவதும் ஒன்றல்ல. மின்னினால், சிலிண்டரில் பற்றாத பெட்ரோல் அப்படியே, புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குப் போய் அங்கே எரிகிறது என்று பொருள். அந்தச் சூட்டில் உள்ளே இருக்கும் தேன்கூடு உருகி அடைத்துக்கொள்ளும். பிளக்குக்குத் தீப்பொறி கரண்ட் கொடுக்கும் காயிலை மாற்றும் செலவோடு முடிய வேண்டியது கன்வெர்ட்டர் செலவாகிவிடும். ஆக்சிலரேட்டரை விட்டு, வேகம் குறைத்து, பாதுகாப்பான இடத்தில் நிறுத்துங்கள்.

கோடு பி0301 முதல் பி0304 வரை எதுவாகவும் இருக்கலாம். கடைசி எண்தான் சிலிண்டர். பிளக்குக்கு ஒரு காயில் என்று தனித்தனியாக இருந்தால் சோதனை எளிது. பி0303 என்று வைத்துக்கொள்வோம். 3ஆம் காயிலையும் 1ஆம் காயிலையும் இடம் மாற்றிப் போடுங்கள். அடுத்த முறை பி0301 வந்தால் காயில்தான் போயிருக்கிறது. பி0303யே வந்தால் அதே முறையில் பிளக்கை மாற்றிப் பாருங்கள். அதற்கும் நகராவிட்டால் இன்ஜெக்டர், ஒயரிங், கடைசியாகக் கம்ப்ரெஷன்.

காயிலை உருவும்போது அதன் ரப்பர் ‘பூட்’டை, அதாவது பிளக் மேல் மாட்டும் உறையை, பாருங்கள். பிளக்கின் வெள்ளைப் பீங்கான் மேல் பென்சிலால் கிழித்தது போல மெல்லிய கறுப்புக் கோடு இருந்தால், கரண்ட் பிளக் முனைக்குப் போகாமல் அந்த வழியாக வெளியே ஓடுகிறது. ஈரம் சேர்ந்தால் அந்தப் பாதை இன்னும் சுலபமாகும். மழையில் மட்டும் வருவது அதனால்தான். பிளக்கையும் பூட்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் பழையதில் உள்ள கறை புதியதையும் கெடுத்துவிடும். பிளக் குழியில் ஆயில் நின்றால் டேப்பட் கவர் பேக்கிங் கசிகிறது. அதையும் அப்போதே போட்டுவிடுங்கள். புது பிளக்கை, என்ஜின் ஆறியபின், கையால் முழு மரையும் ஏறும்வரை திருகிவிட்டு அதன்பிறகே ஸ்பேனர் போடச் சொல்லுங்கள். அலுமினிய ஹெட்டில் மரை போனால் பெரிய வேலை.

மழைக்காலத்தில் இன்னொரு எதிரி எலி. பானெட்டுக்குள் ஏறிப் படுத்து ஒயர் தோலைக் கடித்து வைக்கும். செம்பு அறுபடாத வரை வண்டி ஓடும், ஈரம் பட்டால் பச்சை பூத்து விட்டுவிட்டுத் தொடர்பு போகும். இன்ஜெக்டருக்கும் காயிலுக்கும் போகும் ஒயர்களை ஐடிலில் ஒவ்வொன்றாக லேசாக அசைத்துப் பாருங்கள். எதை அசைத்தால் என்ஜின் தடுமாறுகிறதோ அங்கே தேடுங்கள்.

கேள்வி: 2011 டீசல் கார். கொல்லிமலை ஏறும்போது பாதி வளைவில் லைட் எரிந்து இழுவை செத்துவிடுகிறது. நிறுத்தி, சாவியை அணைத்துப் போட்டால் பழையபடி இழுக்கிறது. தரையில் இப்படி ஆவதில்லை.
– வாசகர், நாமக்கல்

பதில்: எழுபது கொண்டை ஊசி வளைவிலும் இரண்டாம் கியரில் முழு ஆக்சிலரேட்டர் கொடுப்பதுபோல் தரையில் நீங்கள் ஓட்டுவதே இல்லை. முழு லோடில் மட்டும் தெரியும் பழுது இது. என்ஜினைக் காப்பாற்ற இசிஎம் சக்தியைக் குறைக்கிறது. ‘லிம்ப் மோடு’ என்பார்கள்.

கோடு பி0299 என்றால், காற்றை அழுத்தி என்ஜினுக்குள் தள்ளும் டர்போவிலிருந்து காற்று போதவில்லை. டர்போவிலிருந்து இன்டர்கூலருக்கும் (அந்தக் காற்றைக் குளிர்விப்பது), அங்கிருந்து மேனிஃபோல்டுக்கும் போகும் தடித்த ரப்பர் ஹோஸ்களின் அடிப்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். ஆயில் ஈரம் திட்டாக இருக்கும் இடத்தில் வெடிப்போ தளர்ந்த கிளிப்போ இருக்கும். ஐடிலில் மூடியிருக்கும் வெடிப்பு, அழுத்தம் ஏறும்போதுதான் வாய் திறக்கும். பி0234 என்றால் எதிர்மாறு, அழுத்தம் எல்லை மீறுகிறது. டர்போ இறகுகள் கரி பிடித்துச் சிக்கியிருக்கலாம், அல்லது அவற்றை இயக்கும் வேக்யூம் குழாயும் வால்வும் கெட்டிருக்கலாம்.

பி0087 என்றால் டர்போவைத் தொடவே வேண்டாம், டீசல் வந்து சேரவில்லை. ஃபில்டரை மாற்றுங்கள், அடியில் இருக்கும் திருகைத் தளர்த்தி ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்தால் தண்ணீர் அடியில் தனியாகத் தேங்குவது தெரியும். இந்த மூன்றில் எது என்று தெரியாமல் டர்போவைக் கழற்ற யார் சொன்னாலும் சம்மதிக்காதீர்கள்.

கேள்வி: ஒரு மணி நேரம் ஓட்டியபின் என்ஜின் திடீரென்று நின்றுவிடுகிறது. அரை மணி கழித்து ஸ்டார்ட் ஆகிறது. லைட் சில சமயம் எரிகிறது, சில சமயம் இல்லை.
– வாசகர், மதுரை

பதில்: என்ஜின் சுழற்சியை அளக்கும் கிராங்க் சென்சாரைச் சந்தேகப்படுங்கள், கோடு பி0335 இருக்கிறதா பாருங்கள். சூட்டில் சென்சாருக்குள் தொடர்பு விட்டு, ஆறியதும் ஒட்டிக்கொள்கிறது. நின்ற உடனே ஸ்டார்ட்டர் சுற்றும்போது ஸ்கேனரில் ஆர்பிஎம் எவ்வளவு என்று பாருங்கள். நல்ல சென்சார் 200, 250 என்று காட்டும். ஸ்டார்ட்டர் சுற்றியும் 0 என்றே நின்றால் சிக்னல் வரவில்லை. கப்ளரும் ஒயரும் நன்றாக இருந்தால் சென்சார்தான். ஆர்பிஎம் சரியாகக் காட்டியும் ஸ்டார்ட் ஆகாவிட்டால் பெட்ரோல் பம்பையும் அதன் ரிலேயையும் பாருங்கள். ஓடும்போது என்ஜின் நின்றால் ஸ்டியரிங் கனக்கும், ஓரிரு மிதிக்குப் பின் பிரேக்கும் கல்லாகிவிடும். சரியாகும் வரை நெடுஞ்சாலைக்கு எடுத்துப் போகாதீர்கள்.

கேள்வி: பைபாஸில் போகும்போது மட்டும் லைட் வருகிறது. ஃப்ரீஸ் ஃப்ரேமில் வேகம் 84, கூலன்ட் 63 டிகிரி என்று இருக்கிறது. மைலேஜும் குறைந்துவிட்டது.
– வாசகர், ஈரோடு

பதில்: விடையை நீங்களே அனுப்பிவிட்டீர்கள். நம் வெயிலில், அந்த வேகத்தில், சூடேறிய என்ஜின் 63 டிகிரியில் இருக்கக் கூடாது. என்ஜின் சூடேறும் வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் தெர்மோஸ்டாட் திறந்தபடி சிக்கியிருக்கிறது, அல்லது ‘சூடாகாம இருக்கட்டும்’ என்று யாரோ கழற்றிவிட்டார்கள். என்ஜின் இன்னும் ஆறியே இருக்கிறது என்று நினைத்து இசிஎம் பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்கிறது. ஸ்டார்ட் செய்து ரேடியேட்டரின் மேல் ஹோஸில் கை வையுங்கள். முதலிலிருந்தே மெல்ல மெல்லச் சுட்டால் தெர்மோஸ்டாட் இல்லை, அல்லது மூடவில்லை. நல்லது இருந்தால் வெகுநேரம் குளிர்ந்தே இருந்து சட்டென்று சுடும். புதிதை, உங்கள் மாடலுக்குச் சொன்ன டிகிரியிலேயே வாங்குங்கள். பொருத்துவதற்கு முன் வெந்நீரில் தொங்கவிட்டு, தெர்மாமீட்டர் வைத்து, அந்தச் சூட்டில் திறக்கிறதா என்று பார்த்துவிட்டால் நிம்மதி.

கேள்வி: இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த) பெட்ரோல் போட்டதிலிருந்துதான் லைட் வருகிறது. பெட்ரோல்தான் காரணமா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: தனியாக அது மட்டும் காரணமாக இருக்க வாய்ப்புக் குறைவு. ஒரு கிலோ சுத்த பெட்ரோல் எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். கணக்குப் போட்டால், இ10லிருந்து இ20க்கு மாறும்போது இசிஎம் சுமார் 4 சதவீதம் கூடுதலாகக் கொடுக்க வேண்டியிருக்கும். நல்ல வண்டி இதைச் சுலபமாகத் தாங்கும். ஏற்கனவே ப்ளஸ் 18ல் தள்ளாடிக்கொண்டிருந்த வண்டியை அந்த 4 சதவீதம் எல்லைக்கு மேலே தள்ளிவிடும். ட்ரிம்மைப் பாருங்கள்; மறைந்திருந்த பழுதைத் தேடுங்கள். பழைய வண்டி என்பதால் பெட்ரோல் ஹோஸ்களும் ஓ-ரிங்குகளும் ஊறியோ வெடித்தோ இருக்கின்றனவா என்றும் பாருங்கள். பெட்ரோல் வாடை வந்தால் உடனே மாற்ற வேண்டும்.

கேள்வி: பெட்ரோல் டேங்க் மூடியை இறுக்கினால் லைட் போய்விடும் என்று வீடியோக்களில் சொல்கிறார்களே?
– வாசகர், காரைக்குடி

பதில்: அது அமெரிக்க வண்டிகளுக்கான ஆலோசனை. டேங்கிலிருந்து பெட்ரோல் ஆவி கசிகிறதா என்று அங்கே இசிஎம் சோதிக்கும். நம் பிஎஸ்4 கார்களில் பெரும்பாலும் அந்தச் சோதனை கிடையாது.

கேள்வி: பழைய கார் வாங்கப் போகிறேன். லைட்டை மறைத்து விற்கிறார்கள் என்கிறார்கள். எப்படிக் கண்டுபிடிப்பது?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: சாவியை ஆனில் வையுங்கள், ஸ்டார்ட் செய்யாதீர்கள். என்ஜின் லைட் கட்டாயம் எரிய வேண்டும். ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். ஆனிலேயே எரியாவிட்டால் பல்பைப் பிடுங்கியிருக்கிறார்கள் அல்லது டேப் ஒட்டியிருக்கிறார்கள். ஆயில் லைட்டோடு ஒயரைச் சேர்த்துக் கட்டியிருந்தால் இரண்டும் எப்போதும் ஒரே நொடியில் அணையும், அதையும் கவனியுங்கள். அடுத்து ஸ்கேனரில், இசிஎம் தன் சோதனைகளை முடித்துவிட்டதா என்று காட்டும் ‘ரெடினெஸ்’ பக்கத்தைத் திறங்கள். கோடு ஒன்றுமில்லை, ஆனால் கேட்டலிஸ்ட், ஆக்சிஜன் சென்சார் சோதனைகள் ‘முடியவில்லை’ என்று காட்டினால், கோடை அண்மையில் அழித்திருக்கலாம், அல்லது பேட்டரி மாற்றியிருக்கலாம். எது என்று விற்பவரைக் கேளுங்கள். நாற்பது ஐம்பது கிலோமீட்டர், கொஞ்சம் ஊருக்குள், கொஞ்சம் நெடுஞ்சாலையில் ஓட்டிப் பார்க்க அனுமதி வாங்கி, திரும்பி வந்து பெண்டிங் பக்கத்தைப் பார்த்த பிறகே அட்வான்ஸ் கொடுங்கள்.